இரசாயனம் பட்ட மண்ணில் நொதிகள் குறைந்தால் விளைச்சலும் குறையுமா?

3 ஜனவரி, காலை: கேள்வி

என் நிலத்து மண் பரிசோதனை அறிக்கையில் மூன்று மண்நொதிகளின் அளவு தந்திருக்கிறார்கள்: டீஹைட்ரஜனேஸ் குறைவு, பாஸ்பட்டேஸ் குறைவு, யூரியேஸ் அதிகம் என்று வந்திருக்கிறது. பல ஆண்டுகளாக இட்ட இரசாயன உரமும் தெளித்த மருந்தும் மண்ணைச் சாகடித்துவிட்டன என்று எனக்கு விளக்கம் தருகிறார்கள். ஆனால் விளைச்சல் சொல்லும்படியாகக் குறையவில்லை. நொதிகள் குறைந்தால் பயிரும் குறைய வேண்டும் அல்லவா? மண் செத்துவிட்டது என்றால் இந்தப் பயிர் எதைக் கொண்டு வளர்கிறது?

3 ஜனவரி, இரவு: பதில்

இந்த மூன்று எண்களும் ஒரே செய்தியைச் சொல்பவை அல்ல. அவற்றைச் சேர்த்து வைத்து ஒரே தீர்ப்பு எழுத முடியாது.

டீஹைட்ரஜனேஸ் உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே இயங்கும்; செல் இறந்தால் அதன் வேலையும் நின்றுவிடும். ஆகவே அது குறைவாக இருந்தால், சோதித்த மாதிரியில் நுண்ணுயிர்களின் சுவாசம் மந்தமாக இருந்தது என்று பொருள். அதற்கு நச்சு காரணமாக இருக்கலாம். மண்ணில் மட்கு குறைந்திருப்பதும், மாதிரியைப் பையில் போட்டு வெயிலில் வைத்திருந்ததும்கூடக் காரணமாக இருக்கலாம்.

பாஸ்பட்டேஸின் நிலை வேறு. கரிமப் பொருளில் பிணைந்து கிடக்கும் பாஸ்பரஸைப் பிரித்தெடுக்க வேண்டிய நெருக்கடி வரும்போதுதான் வேரும் நுண்ணுயிரும் அதை மிகுதியாகச் சுரக்கின்றன. கரையும் பாஸ்பேட் உரம் தாராளமாகக் கிடைக்கும் மண்ணில் அந்தச் சுரப்புக்குத் தேவை குறைகிறது. போதாததற்கு, பாஸ்பேட் அயனியே அந்த நொதியின் வேலையைத் தடுக்கவும் செய்கிறது. ஆண்டுதோறும் பாஸ்பேட் உரம் இட்ட நிலத்தில் பாஸ்பட்டேஸ் குறைந்திருந்தால் நான் முதலில் சந்தேகிப்பது நஞ்சை அல்ல, தேவைக்கு மேல் தேங்கிய பாஸ்பரஸைத்தான். அறிக்கையில் பாஸ்பரஸ் அளவு என்ன என்று பாருங்கள்.

5 ஜனவரி

யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்கும் யூரியேஸைத் தனியாக எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஜேம்ஸ் சம்னர் 1926இல் ஒரு வகை அவரை விதையிலிருந்து படிகமாகப் பிரித்தெடுத்த நொதி இதுதான். நொதிகள் புரதங்களே என்பதற்கு அதுவே வலுவான சான்றாக அமைந்தது, 1946இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. மண்ணுக்குள் இதன் குணம் சற்று விசித்திரமானது. நுண்ணுயிர் இறந்து செல் உடைந்த பின்னும் யூரியேஸ் வெளியே வந்து களிமண் துகள்களிலும் மட்கிலும் ஒட்டிக்கொள்கிறது. அப்படி ஒட்டியிருக்கும் நொதியைப் புரதத்தைச் சிதைக்கும் பிற நொதிகள் எளிதில் நெருங்க முடிவதில்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் உறைந்து கிடந்த நிலத்தடி மண்ணில்கூட யூரியேஸ் வேலை செய்வதைக் கண்டிருக்கிறார்கள். கதிர்வீச்சால் நுண்ணுயிர்களை எல்லாம் அழித்த மண்ணிலும் அதன் ஒரு பகுதி எஞ்சி நிற்கும்.

அதனால் 'யூரியேஸ் அதிகம், ஆகவே மண் உயிரோடு இருக்கிறது' என்றும் சொல்ல முடியாது; அதிக யூரியேஸ் நல்லது என்றும் சொல்ல முடியாது. யூரியா மண்மேல் கிடக்கும்போது யூரியேஸ் வேகமாக இயங்கினால், குருணையைச் சுற்றிய மண்ணின் பி.எச். (அமில, கார நிலையைக் காட்டும் எண்; 7 நடுநிலை) சில நாட்களுக்கு 9-ஐ நெருங்கும் அளவுக்கு ஏறுகிறது. அம்மோனியா வளியாகப் பறந்துவிடுகிறது. யூரியாவில் 46 விழுக்காடு நைட்ரஜன் என்பது மூட்டையில் இருக்கும்போதுதான். பயிருக்குப் போய்ச் சேருவது எவ்வளவு என்பதை இந்த நொதியின் வேகமும், குருணை மண்ணுக்குள் புதைந்ததா மேலே கிடந்ததா என்பதும், பிறகு நீர் பாய்ந்ததா என்பதும் முடிவு செய்கின்றன. இந்த நொதியை வேண்டுமென்றே சில நாட்கள் தடுத்து வைப்பதற்காகவே என்.பி.பி.டி. என்னும் தடுப்பானை யூரியாவின் மேல் பூசுகிறார்கள். அங்கே இரசாயனம் மண்நொதியை ஒடுக்குகிறது, பயிர் அதனால் பயன் பெறுகிறது.

விதையை ஒட்டி யூரியாவை இட்ட வரிசையில் முளைகள் பொசுங்கிக் கிடப்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். மண்ணைக் கையில் அள்ளினால் அம்மோனியா நெடி மூக்கில் ஏறியது. வேர்நுனி பழுப்பேறிச் சுருண்டிருந்தது. அந்த இடத்து மண்ணில் யூரியேஸ் குறைந்திருக்கவில்லை.

8 ஜனவரி

'இரசாயனத்தால் மண் செத்தது' என்ற விளக்கத்தின்மேல் எனக்குள்ள பெரிய மனக்குறை, அது போகும் பொருளையும் போகாத பொருளையும் ஒரே தட்டில் வைக்கிறது என்பதே. பூச்சிக்கொல்லி மூலக்கூறு உடையக்கூடியது. சில வாரங்களில் உடைவதும் உண்டு, டி.டி.டி. போலப் பல ஆண்டுகள் நிற்பதும் உண்டு, ஆனால் என்றாவது உடையும். காட்மியம் ஒரு தனிமம். அதை எந்த நொதியாலும் உடைக்க முடியாது. ஈயம், துத்தநாகம், தாமிரம், நிக்கல் எல்லாம் அப்படியே. அவை பயிரோடு சிறிது வெளியேறும், சிறிது கீழே கசியும். பெரும்பகுதி மேல்மண்ணிலேயே தங்கும்.

கன உலோகங்கள் நொதியைத் தாக்கும் வழிகள் பல. பாதரசம், வெள்ளி, காட்மியம் போன்றவை புரதத்திலுள்ள கந்தகத் தொகுதிகளைப் பற்றிக்கொண்டு நொதியின் வடிவத்தைக் குலைக்கின்றன. சில உலோகங்கள், நொதியின் மையத்தில் இருக்க வேண்டிய உலோகத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. ஆர்சனிக்கின் ஒரு வடிவமான ஆர்சனேட்டின் வேதியமைப்பு பாஸ்பேட்டை ஒத்திருப்பதால், பாஸ்பட்டேஸில் பாஸ்பேட் அமர வேண்டிய இடத்தில் அது போய் அமர்ந்துவிடுகிறது. இவை நொதியின் மேல் நேரடியாக விழும் அடிகள். இதைவிடப் பெரிய அடி மறைமுகமானது: நொதியைச் செய்யும் நுண்ணுயிரின் எண்ணிக்கையே குறைகிறது, எஞ்சியவை தங்கள் ஆற்றலை வளர்ச்சிக்குச் செலவிடாமல் உயிரைக் காத்துக்கொள்ளச் செலவிடுகின்றன.

ஒரே அளவு உலோகம் இரண்டு மண்களில் ஒரே தீங்கைச் செய்யாது. களியும் மட்கும் மிகுந்த, பி.எச். 7-ஐ ஒட்டிய மண்ணில் அது பிணைந்து கிடக்கும். புளித்த, அதாவது அமிலத்தன்மை ஏறிய மணல்மண்ணில் கரைந்து நிற்கும். அதனால்தான் மொத்த அளவை மட்டும் பார்த்துப் பயப்படுவதும் தவறு, நிம்மதி அடைவதும் தவறு. டி.டி.பி.ஏ. கரைசலால் பிரித்தெடுக்கும் அளவையும் சேர்த்துக் கேளுங்கள். பயிருக்கு எட்டும் பங்கு எவ்வளவு என்பதற்கு அது ஓரளவு கிட்டத்தில் வரும்.

9 ஜனவரி

நேற்றைய குறிப்புக்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு, இங்கிலாந்தில் வோபர்ன் என்னும் இடத்தில் ராதாம்ஸ்டெட் ஆய்வு நிலையம் நடத்திய காய்கறித் தோட்டச் சோதனை. 1942 முதல் 1961 வரை அங்கே கழிவுநீர்ச் சேற்றை உரமாக இட்டார்கள். பிறகு நிறுத்திவிட்டார்கள். நிறுத்தி இருபது ஆண்டுகளுக்கு மேலான பின் அளந்தபோது, உலோகம் சேர்ந்த பாத்திகளில் நுண்ணுயிர்களின் மொத்த எடை, தொழு உரம் இட்ட பாத்திகளில் இருந்ததில் ஏறக்குறையப் பாதிதான் இருந்தது. இருந்த நுண்ணுயிர்களும் எடைக்கு எடை கூடுதலாகச் சுவாசித்தன. அதாவது அதே வேலையைச் செய்ய அவற்றுக்குக் கூடுதல் ஆற்றல் செலவானது.

அந்த மண்ணில் வளர்ந்த வெள்ளைக் குளோவர் என்னும் தீவனப் பயறுதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. செடிகள் குட்டையாக, மஞ்சளாக நின்றன. அதே செடிகளுக்கு நைட்ரஜன் உரம் இட்டால் நன்றாக வளர்ந்தன. உலோகம் செடியை நேரடியாகக் கொல்லவில்லை என்பது இதிலிருந்து தெளிவாகிறது. செடியின் வேரில் முடிச்சு போட்டு நைட்ரஜனை நிலைநிறுத்த வேண்டிய ரைசோபியம் என்னும் பாக்டீரியாவில், திறனுள்ள வகைகள் அழிந்து, நைட்ரஜனைப் பிடிக்கத் தெரியாத வகை மட்டுமே மிஞ்சியிருந்தது. வேரில் முடிச்சு இருந்தது. நைட்ரோஜனேஸ் நொதியின் வேலைதான் நடக்கவில்லை.

கேள்வி கேட்டவருக்கான விடையின் பாதி இதில் இருக்கிறது. உரம் இட்டால் குறை தெரியாது. உரத்தை நிறுத்தினால் தெரியும்.

9 ஜனவரி, இரவு

சேர்க்க விட்டுப்போனது: வோபர்ன் மண்ணில் இருந்த உலோகம் தொழிற்சாலை வாசலில் காண்பது போன்ற பேரளவு அல்ல. சேற்றை நிலத்தில் இடுவது குறித்து இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பிய சமூகம் 1986இல் வகுத்த விதியில் காட்மியத்துக்குக் கிலோ மண்ணில் 1 முதல் 3 மில்லிகிராம், துத்தநாகத்துக்கு 150 முதல் 300 மில்லிகிராம் என்று வரம்பு உண்டு. அந்த வரம்புகளை ஒட்டிய அளவுகளிலேயே ரைசோபியம் பாதிக்கப்பட்டது. மனிதனுக்கும் பயிருக்கும் பாதுகாப்பான அளவு நுண்ணுயிருக்கும் பாதுகாப்பானது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

13 ஜனவரி

தாமிரத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இயற்கை முறையில் அனுமதிக்கப்பட்ட போர்டோ கலவையால் தீங்கு வராதல்லவா என்று.

போர்டோ கலவை என்பது தாமிர சல்பேட்டும் சுண்ணாம்பும். 1880களில் திராட்சையின் அடிச்சாம்பல் நோய்க்கு எதிராக அது புகழ்பெற்றது. அன்றிலிருந்து தெளித்த தாமிரம் பழைய திராட்சைத் தோட்டங்களின் மேல்மண்ணில் இன்றும் இருக்கிறது. இயற்கை முறை, இரசாயன முறை என்ற பாகுபாடு தாமிர அயனிக்குத் தெரியாது. மண்ணில் உள்ள பூஞ்சைக்கும், மண்புழுவுக்கும், நொதிக்கும் அது ஒரே தாமிரம்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 முதல் ஹெக்டேருக்கு ஏழு ஆண்டுகளில் 28 கிலோவுக்கு மேல் தாமிரம் போகக் கூடாது என்று விதி இருக்கிறது. குறைந்த அளவில், வேறு வழியில்லாத போது தெளிப்பவரை நான் குறை சொல்ல மாட்டேன். பாதுகாப்பானது என்று நம்பி மழைக்கு மழை தெளிப்பதைத்தான் தடுக்க விரும்புகிறேன்.

இதில் சோதனைக்கூடம் சார்ந்த ஒரு சிக்கலும் உண்டு. டீஹைட்ரஜனேஸைச் சோதிக்க, மண்ணோடு டி.டி.சி. என்னும் நிறமற்ற உப்பைக் கலந்து 37 டிகிரியில் ஒரு நாள் வைக்கிறோம். உயிருள்ள செல்கள் அதைச் சிவப்பான பார்மசானாக மாற்றுகின்றன. மெத்தனால் ஊற்றிக் குலுக்கி வடிகட்டினால் நல்ல மண்ணின் வடிநீர் செம்பருத்திச் சாறு போல இறங்கும், மெலிந்த மண்ணின் வடிநீர் இளஞ்சிவப்போடு நின்றுவிடும். தாமிரம் மிகுந்த மண்ணில் வடிநீர் வெளிறி வந்தபோது, நுண்ணுயிர் இல்லை என்றே தோன்றும். ஆனால் தாமிரம் அந்தச் சிவப்பு நிறப் பொருளோடு தானே வினைபுரிந்து நிறத்தைக் குறைத்துவிடக்கூடியது. தாமிர மாசு உள்ள மண்ணுக்கு இந்தச் சோதனை செல்லுமா என்ற கேள்வியை 1991லேயே ஆய்வாளர்கள் எழுப்பிவிட்டார்கள். நுண்ணுயிர் குறைந்ததால் நிறம் குறைந்ததா, தாமிரத்தால் நிறம் குறைந்ததா என்று குழாயைப் பார்த்துச் சொல்ல முடியாது. அத்தகைய மண்ணுக்குச் சுவாசத்தில் வெளிவரும் கரியமில வாயுவையும், குளோரோபார்ம் புகையூட்டி அறியும் நுண்ணுயிர் எடையையும் அளப்பதே சரி.

உங்கள் நிலத்தில் தாமிர மருந்து நீண்ட காலம் தெளித்திருந்தால், அறிக்கையின் டீஹைட்ரஜனேஸ் எண்ணை இந்த எச்சரிக்கையோடு படியுங்கள்.

16 ஜனவரி

பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி, பூஞ்சாணக்கொல்லி ஆகியவை பற்றி. மூன்றையும் 'மருந்து' என்று ஒன்றாகப் பேசினாலும் மண்ணில் அவற்றின் நடத்தை வேறு வேறு.

பூஞ்சாணக்கொல்லி பூஞ்சையைக் கொல்லவே செய்யப்பட்டது. மண்ணில் செடியின் நார்ப்பொருள்களான லிக்னினையும் செல்லுலோசையும் உடைக்கும் வேலையில் பெரும்பங்கு பூஞ்சைகளுடையது. ஆகவே அது தவறிப்போய் மண்ணைத் தாக்குவதில்லை, தன் இயல்பிலேயே தாக்குகிறது. வேரோடு கூடி வாழ்ந்து செடிக்கு உதவும் வேர்ப்பூசணத்தையும் சேர்த்துத்தான் தாக்குகிறது. களைக்கொல்லிகளில் கிளைபோசேட் தடுப்பதே ஒரு நொதியைத்தான். 'அரோமேட்டிக்' என்னும் வகை அமினோ அமிலங்களைத் தயாரிக்கும் பாதையில் உள்ள அந்த நொதி செடிகளில் இருப்பது போலவே பல பாக்டீரியாக்களிலும் பூஞ்சைகளிலும் உண்டு. எனினும் அந்த மூலக்கூறு களிமண்ணில் இறுகப் பிணைந்துகொள்வதால், பரிந்துரைத்த அளவில் தெளிக்கும்போது மண்நொதிகளில் காணும் மாற்றம் பெரும்பாலும் சிறியது, சில வாரங்களில் மறைவது. நான் இதை அந்தக் களைக்கொல்லிக்கு நற்சான்றாக எழுதவில்லை; நொதி அளவீடு எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதற்காக எழுதுகிறேன்.

மருந்து தெளித்த பின் நொதிகள் கூடுவதும் உண்டு. இறந்த நுண்ணுயிர்களின் உடல் மற்றவைகளுக்கு உணவாகிறது. சில பாக்டீரியாக்களுக்கு மருந்தே உணவாகிறது. சோதனை எண் மேலே போகும், அதைப் பார்த்து மண் வளம் பெற்றது என்று மகிழ இடமில்லை.

17 ஜனவரி

மருந்தே உணவாவது பற்றி ஒரு வரியில் எழுதியது போதவில்லை. பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆய்வு நிலையத்தில் டயசினான் என்னும் ஆர்கனோபாஸ்பேட் மருந்தை வயல் நீரில் மீண்டும் மீண்டும் இட்டபோது, அது வரவர விரைவாக மறைந்து போனது. சேதுநாதனும் யோஷிதாவும் 1973இல் அந்த வயலிலிருந்து டயசினானையும் பாரத்தியானையும் உடைக்கும் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்கள். அந்த உடைப்பைச் செய்வது பாஸ்போடிரைஎஸ்டரேஸ் என்னும் நொதி; இன்று நச்சு நீக்க ஆய்வுகளில் அது தனிப் புகழ் பெற்றிருக்கிறது.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன, இரண்டும் உண்மை. மண்ணுக்குத் தன்னைத் தூய்மை செய்துகொள்ளும் திறன் இருக்கிறது. அதே திறன், ஒரே மருந்தையே நம்பியிருக்கும் உழவரிடமிருந்து அந்த மருந்தின் பயனைப் பறித்துவிடுகிறது; பூச்சிக்கு எதிர்ப்பு வந்துவிட்டது என்று நினைத்து அளவைக் கூட்டுவார்கள், மண் இன்னும் விரைவாகத் தின்றுவிடும். மருந்து வேலை செய்யவில்லை என்றால் பூச்சியை மட்டும் சந்தேகிக்காமல் மண்ணையும் சந்தேகிக்க வேண்டும்.

20 ஜனவரி

புளிப்பேறுதல். இத்தனை நாள் உலோகத்தையும் மருந்தையும் பற்றி எழுதினேன். ஆனால் மாசு ஏதும் இல்லாத சாதாரண விளைநிலத்தில் நொதிகளின் போக்கை முதலில் தீர்மானிப்பது பி.எச். தான் என்று உறுதியாகச் சொல்வேன்.

அம்மோனியம் வடிவ நைட்ரஜன் நைட்ரேட்டாக மாறும்போது ஹைட்ரஜன் அயனிகள் வெளிவருகின்றன. நைட்ரேட் பயிருக்குச் சேராமல் கசிந்து போனால் அந்தப் புளிப்பு மண்ணிலேயே தங்கிவிடும். அம்மோனியம் சல்பேட் இதில் முதலிடம். ராதாம்ஸ்டெட்டில் 1856 முதல் நடக்கும் பார்க் கிராஸ் புல்வெளிச் சோதனையில், சுண்ணாம்பு இடாமல் அம்மோனியம் சல்பேட்டைத் தொடர்ந்து மிகுதியாகப் பெற்ற பாத்திகளில் பி.எச். 4-க்கும் கீழே இறங்கிவிட்டது. அங்கே மண்ணின் மேல் மக்காத புல் மெத்தை போலப் படிந்து கிடக்கிறது. செத்த புல்லை உடைக்கும் நொதிகள் ஓய்ந்தால் நிலம் எப்படித் தோன்றும் என்பதைக் கண்ணால் காட்டும் பாத்தி அது. நஞ்சு ஏதும் இடவில்லை, இட்டது உரம்.

பி.எச். 5.5-க்குக் கீழே போகப்போக அலுமினியம் கரைய ஆரம்பிக்கிறது, வேர்நுனி தடித்துக் குட்டையாகிறது. பயிர் பாதிக்கப்படுவது அலுமினியத்தால். நொதி பாதிக்கப்படுவது புளிப்பால். இரண்டும் ஒரே நேரத்தில் குறைவதால், நொதி குறைந்ததால்தான் பயிர் குறைந்தது என்று தோன்றிவிடுகிறது.

20 ஜனவரி, இரவு

காரப் பக்கமும் உண்டு. சோடியம் மிகுந்த கழிவுநீரைப் பாய்ச்சினால் களித்துகள்கள் பிரிந்து மண்ணின் துளைகளை அடைக்கின்றன. காற்றும் நீரும் உள்ளே போக முடியாது, நொதிகளும் வேரும் ஒருசேரத் திணறும். அதற்கு ஜிப்சமும் நல்ல நீரும் வடிகாலும் வேண்டும். நுண்ணுயிர் உரத்தை மட்டும் ஊற்றிப் பயனில்லை.

23 ஜனவரி

வீட்டிலேயே ஹைட்ரஜன் பெராக்சைடை மண்ணில் ஊற்றி, நுரை எவ்வளவு வருகிறது என்று பார்த்தால், பெராக்சைடை உடைக்கும் கேட்டலேஸ் நொதி தெரியும் அல்லவா என்ற கேள்விக்கு: தெரியும், ஆனால் அதோடு மாங்கனீசும் தெரியும். மாங்கனீசு ஆக்சைடு எந்த உயிரின் உதவியும் இல்லாமல் பெராக்சைடை உடைத்து நுரைக்க வைக்கும். ஒரு பங்கு மண்ணை நன்றாகச் சுட்டு ஆறவைத்து, சுடாத பங்கோடு பக்கத்தில் வைத்து ஊற்றிப் பாருங்கள். சுட்ட மண்ணில் வரும் நுரை மாங்கனீசு போன்ற கனிமங்களுடையது. அதற்கு மேல் சுடாத மண்ணில் வரும் நுரைதான் நொதியின் பங்கு என்று ஏறத்தாழக் கொள்ளலாம்.

இதைவிட நம்பகமான எளிய சோதனை, சாயமேற்றாத பருத்தித் துணிப் பட்டைகளை ஒரே ஆழத்தில் சில வாரங்கள் புதைத்து வைத்து எடுப்பது. ஒரு பட்டை எடுக்கும்போதே இழை இழையாகப் பிய்ந்து வரும். இன்னொன்றைக் கழுவினால் மீண்டும் துணியாகவே இருக்கும். பருத்தி இழையை உடைக்கும் செல்லுலேஸ் நொதி எங்கே வேலை செய்கிறது என்பது அதில் தெரிந்துவிடும். ஈரமும் வெப்பமும் ஒன்றுபோல இருக்கும் பாத்திகளை மட்டுமே ஒப்பிட வேண்டும்.

27 ஜனவரி

8ஆம் தேதிக் குறிப்பில் புளித்த மண்ணில் உலோகம் கரையும் என்று எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுச் சிலர் எல்லா மாசுக்கும் சுண்ணாம்பே மருந்து என்ற முடிவுக்கு வந்திருப்பதால் இதை எழுதுகிறேன். காட்மியம், துத்தநாகம், நிக்கல், ஈயம் ஆகியவற்றுக்குச் சுண்ணாம்பு உதவும். ஆர்சனிக்குக்கு உதவாது, பி.எச். ஏறினால் ஆர்சனேட் மண்ணிலிருந்து விடுபடவே வாய்ப்பு அதிகம். மாலிப்டினமும் அப்படித்தான்.

நெல்வயலில் இந்த முரண் இன்னும் கூர்மையாகிறது. நீர் தேங்கி நிற்கும்போது மண்ணில் காற்று தீர்ந்து, இரும்பு ஆக்சைடுகள் கரைந்து, அவை பிடித்து வைத்திருந்த ஆர்சனிக் வெளியே வருகிறது. ஆர்சனைட் வடிவத்தில் அது நெல்லின் வேரில் சிலிக்கா நுழையும் வழியாகவே நுழைந்துவிடுகிறது. அதே தேங்கிய நீரில் காட்மியம் சல்பைடாகப் பிணைந்து அடங்கியிருக்கும். நீரை வடித்து வயலைக் காயவிட்டால் ஆர்சனிக் அடங்கும், காட்மியம் கிளம்பும். இரண்டும் உள்ள நிலத்தில் எந்தப் பருவத்தில் நீரைத் தேக்குவது, எந்தப் பருவத்தில் வடிப்பது என்பதை அந்தந்த மண்ணின் எண்களை வைத்தே முடிவு செய்ய முடியும்.

இங்கே நொதி அளவீடு நமக்குக் கைகொடுக்காது. பயிர் பச்சைப்பசேல் என்று நிற்கும், விளைச்சல் குறையாது, மண்ணில் நொதிகளும் இயல்பாக இருக்கலாம், ஆனால் தானியத்தில் காட்மியம் ஏறியிருக்கலாம். பாஸ்பேட் உரத்தோடு வரும் காட்மியத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2022 முதல், ஒரு கிலோ பாஸ்பரஸ் பென்டாக்சைடுக்கு (உரத்திலுள்ள பாஸ்பரஸை இந்த வடிவில்தான் கணக்கிடுகிறார்கள்) 60 மில்லிகிராம் என்று வரம்பு வைத்ததன் காரணம் விளைச்சல் அல்ல, உண்பவரின் சிறுநீரகம். 'விளைச்சல் குறையவில்லை, ஆகவே சிக்கல் இல்லை' என்ற வாதத்தை நான் ஏற்காததற்கு இதுதான் முதல் காரணம்.

30 ஜனவரி

எண்ணெய்க் கசிவு பட்ட நிலம் பற்றிச் சுருக்கமாக. தொடக்கத்தில் மண் நீரை விலக்கும், நொதிகள் சரியும். பிறகு எண்ணெயை உண்ணும் நுண்ணுயிர்கள் பெருகுவதால், கொழுப்பை உடைக்கும் லிப்பேஸும் டீஹைட்ரஜனேஸும் ஏறும். அந்த நேரத்தில் பயிர் மஞ்சளாகும். கார்பன் மலிந்த உணவு கிடைத்த நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைட்ரஜனை எல்லாம் தங்களுக்கே எடுத்துக்கொள்வதே அதற்குக் காரணம். நொதி ஏறிப் பயிர் இறங்குவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. நைட்ரஜனும் பாஸ்பரஸும் இட்டு, உழுது காற்றோட்டம் தந்தால் எண்ணெயும் விரைவாகக் குறையும்.

2 பிப்ரவரி

முதல் கேள்விக்கே திரும்ப வருகிறேன். பாஸ்பரஸ் அளவையும் பி.எச்.-ஐயும் கேட்டவர் அனுப்பியிருக்கிறார். பாஸ்பரஸ் தேவைக்கு மேல் இருக்கிறது, பி.எச். 5.2. தாமிர மருந்து தெளித்ததில்லை என்கிறார்.

அப்படியானால் மண் சாகவில்லை. பாஸ்பட்டேஸ் குறைந்ததற்குத் தேங்கிய பாஸ்பரஸே போதுமான விளக்கம். டீஹைட்ரஜனேஸ் குறைந்ததற்குப் புளிப்பையும் மட்குக் குறைவையும் முதலில் பார்க்க வேண்டும். பயிர் தன் பாஸ்பரஸையும் நைட்ரஜனையும் மட்கை உடைக்கும் நொதிகளின் வழியாக அல்லாமல் உர மூட்டையிலிருந்தே பெறுகிறது; அதனால்தான் நொதி குறைந்தும் விளைச்சல் குறையவில்லை. இதன் மறுபக்கம், இந்த நிலையில் உரத்தை ஒரேயடியாக நிறுத்தினால் முதல் பருவத்திலேயே பயிர் தடுமாறக்கூடும் என்பது, குறிப்பாக நைட்ரஜனில். மண்ணை மாற்ற விரும்புகிறவர் உரத்தை வெட்டுவதில் தொடங்காமல் சுண்ணாம்பில் தொடங்க வேண்டும். பிறகு மட்கு, பிறகு பயறு சுழற்சி. பாஸ்பேட்டை மட்டும் இப்போதே நிறுத்திவிடலாம். நைட்ரஜனைப் படிப்படியாகக் குறைக்கலாம்.

நுண்ணுயிர்க் கலவைகளை வாங்கி ஊற்றலாமா என்றும் கேட்டிருக்கிறார். புளிப்பு திருந்தும் முன் ஊற்றுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வோபர்ன் மண்ணில் நல்ல ரைசோபியத்தைப் பெருமளவில் சேர்த்துப் பார்த்தார்கள்; தங்களை அழித்த சூழல் அப்படியே இருந்ததால் அவை நிலைக்கவில்லை.

3 பிப்ரவரி

அடுத்த மாதிரியை எப்படி எடுப்பது என்பதற்கு: உரம் இட்ட உடனும் மருந்து தெளித்த உடனும் எடுக்க வேண்டாம். முந்தைய ஆண்டு எடுத்த அதே பருவத்தில், அதே ஆழத்தில், நிலத்தின் பல இடங்களிலிருந்து எடுத்துக் கலந்துகொள்ளுங்கள். வரப்போரத்தில் பயிரிடாத, மருந்து படாத இடம் இருந்தால் அங்கிருந்தும் ஒரு மாதிரி எடுங்கள். ஒப்பிட ஒன்று இல்லாமல் நொதி எண்ணுக்குப் பொருள் சொல்ல முடியாது. டீஹைட்ரஜனேஸுக்கு அனுப்பும் பங்கைக் காயவைக்காதீர்கள். ஈரத்தோடு, குளிர்ச்சியில் வைத்து விரைவில் சேர்ப்பியுங்கள். உலோகத்துக்கும் பி.எச்.-க்கும் அனுப்பும் பங்கை நிழலில் உலர்த்தி அனுப்பலாம். பாஸ்பட்டேஸை எந்த பி.எச்.-இல் அளந்தார்கள் என்று அறிக்கையில் எழுதித் தரச் சொல்லுங்கள். அமில வகையை 6.5-லும் கார வகையை 11-லும் அளப்பது வழக்கம். அமில வகையை வேரும் சுரக்கும், கார வகை பெரும்பாலும் நுண்ணுயிர்களுடையது என்பதால் இரண்டையும் கலந்து ஒரே எண்ணாகத் தந்தால் அதை வைத்து எதையும் சொல்ல முடியாது.